மூச்சை வெட்டிய பாட்டு

பல் கட்டும் கூடத்தில் அவனை எல்லோரும் ‘தடதட’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சின் வேகம் அப்படி. மற்றவர்கள் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அவன் பிளாஸ்டர் கலந்தாயிற்று, மெழுகு சூடாகிவிட்டது, மூன்றாம் பெட்டி அச்சில் ஓரம் உடைந்திருக்கிறது, தேநீர் எங்கே என்று நான்கு செய்தி சொல்லியிருப்பான்.

வயது முப்பத்தெட்டு. பதினாறு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறான். பல் மருத்துவர்களிடமிருந்து ஈறின் அச்சுகள் சின்ன அட்டைப் பெட்டிகளில் வரும். பெட்டியின் மேல் ஓர் எண், பல்லின் நிறத்துக்கு ஒரு குறி, ஆணா பெண்ணா, வயது என்ன என்று ஒரு சீட்டு. அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்த்து, பிறகு அக்ரிலிக்கில் வார்த்து, பாலிஷ் போட்டு அதே பெட்டியில் திருப்பி அனுப்புவான். அவன் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு ஒருவர் சிரித்து இதுவரை அவன் பார்த்ததில்லை. அதனால் பேருந்தில் வயதானவர்கள் ஏறினால் வாயையே பார்ப்பான்.

“உத்து உத்துப் பாக்காதடா. ஒருநாள் யாராவது உன் பல்லக் கழட்டிக் கையில குடுக்கப்போறாங்க,” என்பார் கூடத்தின் மேஸ்திரி.

“குடுத்தா நானே கட்டிக்குவேன் மேஸ்திரி. எனக்கென்ன செலவு?”

அவனுக்கு இன்னொரு தொழில் உண்டு என்று சொன்னால் அவனே மறுப்பான். அது தொழில் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. ஆண்டவரைப் பற்றி ராப் எழுதுகிறான், அதைப் பதிவு செய்கிறான். இருநூறு பேர் கேட்பார்கள். அதில் நாற்பது பேர் சொந்தக்காரர்கள்.

அவன் போகும் சபை ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் கூடுகிறது. கீழே கட்டில், பீரோ. மேலே நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, ஒரு மைக். அங்கே எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டுகள் இதமானவை. ஒரு வரியை எட்டு முறை பாடுவார்கள். பாடப் பாட அந்த வரி பாடுகிறவனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தடதடவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு முறை பாடி முடித்த பிறகும் தான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்பதாக அவனுக்குப் படும். ராப் அந்த மிச்சத்துக்கு இடம் கொடுத்தது. சேர்ந்து பாடும்போது பக்கத்து நாற்காலிக்காரரின் நம்பிக்கையில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம். ராப்பில் சாய்வதற்கு ஆள் கிடையாது. இத்தனை வார்த்தைகளையும் தான் ஒருவனே சொல்லி, அதற்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். அவன் எழுதியது பெரிய கவிதை அல்ல. எதுகைக்காக இழுத்து வந்த சொற்கள் அதில் நிறையவே உண்டு. ஆனால் தன்னிடம் இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டும் வரி ஒன்றுகூட இல்லை. பக்திப் பாட்டுகளில் அது அபூர்வம்.

*முகத்தப் பாக்காம பல்லு செய்யறேன், அந்தச் சிரிப்ப நான் பாத்ததில்ல,*
*முகத்தப் பாக்காம ஜெபம் செய்யறேன், உன் பதில நான் கேட்டதில்ல,*
*இருந்தும் நாளைக்கு அச்சு வரும், இருந்தும் மெழுகுல கைய வெப்பேன்,*
*கேட்டியான்னு நான் கேக்க மாட்டேன், கேக்குற வரைக்கும் சொல்லி வெப்பேன்.*

சபையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. இதைக் கைப்பேசியில் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இது துதியா ஏலமா? ஒரு தரம் ரெண்டு தரம்னு முடிச்சிடுவியோன்னு பயந்துட்டேன்.”

“மூணு தரம் கேளுங்க சார். பிடிச்சிடும்.”

“எனக்கு ஒரு தரத்துலயே காது அடைச்சிடுச்சு.”

வாத்தியாரின் கேலி அவனைப் பெரிதாகத் தொடவில்லை. அவன் பாட்டு போய்ச் சேரவேண்டிய காது ஒன்றுதான். அது வாத்தியாருடையது அல்ல, அண்ணனுடையது.

அண்ணன் அவனைவிட ஐந்து வயது மூத்தவன். மருந்துக் கடைகளுக்குப் பெட்டி இறக்கும் வேன் ஓட்டுகிறான். சிறு வயதில் இருவருக்கும் ஒரே அறை. படுத்த பிறகு அண்ணன்தான் இருவருக்கும் சேர்த்து ஜெபிப்பான். அப்பா வந்து விளக்கை அணைப்பதற்குள் வீட்டில் இருப்பவர்கள், தெருவில் இருப்பவர்கள், வகுப்பில் காய்ச்சல் வந்தவர்கள், எதிர்வீட்டு நொண்டி நாய் வரை ஒரே மூச்சில் பெயர் பெயராகச் சொல்லி முடிக்க வேண்டும். அந்தக் குரலின் ஓட்டத்தில்தான் தம்பி தூங்கிப்போவான். பிற்பாடு முதன்முதலாக ராப் கேட்டபோது, இதை எங்கோ ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலையில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினான். பொத்தானைப் பாதிவரை போட்டான். பிறகு கழற்றி ஆணியில் தொங்கவிட்டான். உடம்பு சரியில்லையா என்று அம்மா கேட்டாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. அங்க யாரும் கேக்குறதா எனக்குத் தோணல. நீங்க போயிட்டு வாங்க.”

கோபம் இல்லை, வாக்குவாதம் இல்லை. யாரோடாவது சண்டை போட்டுவிட்டு விலகியிருந்தால் சமாதானம் பேசப் போகலாம். இதற்கு என்ன செய்வது? அதற்குப் பின்னும் அண்ணன் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், தம்பியின் கல்யாணத்தில் ஓடி ஓடி வேலை செய்தான். தம்பி எழுதிய பாட்டுகளை மட்டும் கேட்கவில்லை. தம்பியும் கேள் என்று சொன்னதில்லை. சொல்லி, அண்ணன் கேட்டு, ஒன்றுமே ஆகவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம்.

போன வருடம் அவன் ஒரு புதுப் பாட்டு எழுதினான். மூன்று பகுதி. மூன்றாம் பகுதியில் பதினாறு வரி. பாதிவரை ஆண்டவரோடு பேச்சு, ஒன்பதாம் வரியிலிருந்து அண்ணனோடு.

*ஒரே அறையில ரெண்டு கட்டிலு, உன் குரல்லதான் நான் தூங்கினேன்,*
*ஒத்தக் கட்டிலா ஆனப்புறம், அந்தக் குரலுக்குத்தான் ஏங்கினேன்.*

சபையில் ஒலிப்பெட்டியைக் கவனிக்கும் சவுண்டக்காதான் அவனுக்குத் தாளம் அமைத்துத் தருவாள். வாரநாட்களில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பல் கூடத்தின் சரக்கறையில், பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவில் நின்று பதிவு செய்வான். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான். பிசகினால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி. அந்தத் துண்டுகளை அவள் ஒன்றோடொன்று ஒட்டுவாள். இடையில் வரும் மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டி எறிவாள்.

“மூச்சு கொஞ்சம் இருக்கட்டுமேக்கா.”

“எதுக்கு? மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி இருக்கு. பேசாம இரு, நான் உன்னை மெஷின் மாதிரி ஆக்கிடறேன்.”

ஆக்கியும் விட்டாள். கேட்டால் பதினாறு வரியும் நிறுத்தமே இல்லாத ஒரே பாய்ச்சல். தன் குரலா இது என்று அவனுக்கே பெருமை.

அந்தப் பாட்டை ஒரு ஞாயிறு ஆராதனையில் சொல்லலாம் என்று போதகர் நான்கு நிமிடம் ஒதுக்கினார். அன்று மாலையே அவன் அண்ணனுக்குப் போன் செய்தான்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை என் பாட்டு. வர்றியா?”

அண்ணன் வேனை ஓரம் கட்டினான்.

“பாட்டுக்கு வரேன். மத்ததுக்கு இல்ல.”

“பாட்டுக்கு வந்தாப் போதும்.”

போனை வைத்துவிட்டு மனைவியிடம் இரண்டு முறை சொன்னான். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது அவள், “காது கேட்டுச்சுங்க. அந்தப் பாட்டை எனக்கு ஒருதடவை முழுசா நின்னு சொல்லிக் காட்டுங்க பாக்கலாம்,” என்றாள்.

“அதெல்லாம் நல்லா மனப்பாடம். பஸ்ல தினம் சொல்லிட்டுத்தானே போறேன்.”

பேருந்தில் உதட்டுக்குள் முணுமுணுத்தது உண்மைதான். முணுமுணுப்புக்கு மூச்சு வேண்டியதில்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. வாய்விட்டு அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறைகூட அவன் சொன்னதே இல்லை.

ஞாயிறன்று அண்ணன் வந்தான். கடைசி வரிசையில், கதவோரம், கையில் வேன் சாவியோடு உட்கார்ந்தான். தாளம் தொடங்கியது. முதல் பகுதி நன்றாகவே போயிற்று. இரண்டாம் பகுதியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மூன்றாம் பகுதியில் தடதட முழு வேகத்தில் இறங்கினான். ஐந்தாம் வரியில் நெஞ்சு இறுகியது. ஏழாம் வரியில் காற்று தீர்ந்தது. எட்டாம் வரியின் நடுவில் வாய் திறந்திருந்தது; சத்தம் வரவில்லை. தாளம் அவனை விட்டுவிட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சவுண்டக்கா பதறிப்போய் அதை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஜெபிப்போம் என்று யாரும் அறிவிப்பதில்லை. இசை நின்று, மைக்கில் இருப்பவர் பேசாமல் நின்றால் அது மௌன ஜெபம். வருடக்கணக்கான பழக்கம், தலைகள் தாமாகவே குனிந்துவிடும். அன்றும் குனிந்தன. முன் வரிசையில் ஒரு பெண் மெல்ல விசும்பத் தொடங்கினாள். யாரோ “ஆண்டவரே” என்றார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

மைக்கைப் பிடித்தபடி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு, அவன் நூறு உச்சந்தலைகளைப் பார்த்து நின்றான். கதவோரத்தில் இரண்டு கண்கள் மட்டும் திறந்திருந்தன. அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை நிமிடத்தில் மூச்சு திரும்பிவிட்டது. ஒன்பதாம் வரி நாக்கு நுனியில் நின்றது. ஆனால் இத்தனை பேர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படித் தொடங்குவது? தயங்கினான். அந்தத் தயக்கத்துக்குள் போதகர் எழுந்து வந்து, தோளில் கைவைத்து, மைக்கை மெல்ல வாங்கி “ஆமென்” என்றார். சபையும் ஆமென் என்றது. அண்ணனுக்கான எட்டு வரியும் உள்ளேயே நின்றுவிட்டன.

ஆராதனை முடிந்ததும் ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள். முதலில் வந்தவள் முன் வரிசையில் விசும்பிய பெண்.

“அந்த இடத்துல நிறுத்தினீங்க பாருங்க... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.”

“நிறுத்தலக்கா. மூச்சு முட்டிடுச்சு.”

“இந்தத் தாழ்மைதான் தம்பி உங்ககிட்ட.”

வாத்தியாரும் வந்தார். “ஏலம்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ. கடைசியில அமைதியில கொண்டுபோய் விட்ட பாரு, அங்கதான் எனக்குப் புரிஞ்சுது.”

“சார், சத்தியமா அது—”

“தெரியும் தெரியும். நீயா செய்யல, அவர் செஞ்சாரு.”

மறுத்துப் பயனில்லை. தவிர, அந்த அமைதியில் அவர்கள் உண்மையாகவே ஜெபித்திருந்தார்கள். அதை இல்லை என்று சொல்ல அவன் யார்? கதவோர நாற்காலி காலியாக இருந்தது. அவன் படிகளில் இறங்கி ஓடினான்.

அண்ணன் கீழே வேனில் சாய்ந்து நின்றிருந்தான்.

“மூச்சு முட்டிச்சுல்ல?”

“ஆமாண்ணே.”

அண்ணன் சிரித்தான். அவனும் சிரித்தான். சிரிப்பு ஓய்ந்த பிறகு அண்ணன் சாவியைக் கைக்குள் உருட்டியபடி, “எல்லாரும் கண்ண மூடிட்டாங்க. ஒரு நிமிஷம் நானும் மூடலாமான்னு பாத்தேன்,” என்றான்.

தம்பி ஓரடி கிட்டே வந்தான். “மூடலியா?”

“நீ மயங்கி விழுந்துடுவியோன்னு பாத்துட்டிருந்தேன். எல்லாரும் மூடிட்டா உன்ன யாரு பாக்குறது?”

பிறகு அண்ணனே கேட்டான்: “மிச்சம் என்னடா? பாதியிலதானே நின்னுச்சு?”

கேட்டவன் எதிரில் நிற்கிறான். சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் நூறு பேர் முன்னால் சொல்லத் துணிந்ததை, ஒரு முழ தூரத்தில் நிற்கும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

“பதிவு பண்ணது போன்ல இருக்கு. அனுப்பட்டுமா?”

“துண்டு துண்டா ஒட்டினதா? வேணாம்.” அண்ணன் வேன் கதவைத் திறந்தான். “உன்னால ஒரே தடவைல முழுசா சொல்ல முடியறப்போ கூப்பிடு. வரேன்.”

அதிலிருந்து மதிய நேரங்களில் அவன் பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அந்தப் பதினாறு வரியைச் சொல்லிப் பார்க்கிறான். வார்த்தையைக் குறைத்துவிடு என்றாள் சவுண்டக்கா. குறைத்தால் அண்ணனிடம் சொல்லவந்தது குறைந்துவிடும் என்றான். ஆகவே எங்கே மூச்சு வாங்குவது என்று தேடவேண்டியிருக்கிறது. அது நினைத்ததைவிடக் கடினம். ஒட்டிய பாட்டில் ஒரு வரி அடுத்த வரியைத் தானாகவே தள்ளிக்கொண்டு போனது. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும், அடுத்த வரியை நான் நம்புகிறேனா என்று ஒரு நொடி நின்று, பிறகுதான் வாயைத் திறக்க முடிகிறது. சில நாள் நான்காம் வரியிலேயே நின்றுவிடுகிறான். போன வாரம் பதின்மூன்று வரை வந்தான்.

நேற்று வீட்டில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனிடம் மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

“கூப்பிட்டா நிஜமாவே வருவாரா உங்கண்ணன்?”

“பாட்டுக்கு வருவான்.”

“பாட்டுக்கு மட்டும் வந்தாப் போதுமா உங்களுக்கு?”

“போதாது,” என்றான். தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து நின்று முதல் வரியிலிருந்து தொடங்கினான்.