படத்துப் பிள்ளைக்கு மட்டும் புத்தகமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரின் சிநேகிதர் வந்திருந்தார். மதுரையில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருப்பவர். எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"அருமையான ஆயில் பெயின்டிங்! ஆனா கையில என்ன இவ்வளவு பெரிய கறை? குடுங்க, சுத்தமா எடுத்துத் தர்றேன்."

"தொடாதீங்க!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல... மனிதர் திடுக்கிட்டுப் போனார்.

படத்தில் இருப்பது நான்தான். பத்து வயது. நம்ப முடியாதுதான் — கரிசல் காட்டு வெயிலில் கறுத்த எனக்கு ரோஸ் கன்னம், பட்டுப்பாவாடை, கழுத்தில் அட்டிகை! கோவில்பட்டியில் காலண்டர் படம் வரைகிறவர்கள் கையில் அகப்பட்டால் எருமைகூடச் சிவப்பாகிவிடும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு வருஷமாக மழை இல்லை. அஞ்சாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி, அம்மா தான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸுக்கே என்னையும் கூட்டிப் போய்விட்டாள். பெட்டியின் பக்கத்தில் குச்சி உரசுவதற்கான அரக்கு நிற மருந்தை பிரஷால் பூசுவது என் வேலை. எவ்வளவு அழுதிருப்பேன்!

அந்த வருஷக் காலண்டருக்கு முதலாளி ஒரு பெண்பிள்ளை படம் கேட்டார். வரைவதற்காக ஆபீஸுக்கே வந்த ஆர்ட்டிஸ்ட் எங்களையெல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். மூன்று நாள் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தேன். நான்காம் நாள் போய்ப் பார்த்தால்... படத்தில் இருந்தவள் கையில் ஒரு புத்தகம்!

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தாத்தான் லட்சணம்னு முதலாளி சொல்லுதாவ."

எனக்கு எப்படி இருக்கும்? என் கையிலிருந்து பிடுங்கியதை அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள்! ஓடிப்போய் மருந்து பிரஷை எடுத்து வந்தேன். புத்தகத்தின் மேல் ஒரே இழுப்பு. அப்புறம் இன்னொன்று.

முதலாளி கத்தினார். அம்மா ஓடி வந்து முதுகில் இரண்டு வைத்தாள். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?"

"எங்கையில இல்லாத புஸ்தகம் அவளுக்கு மட்டும் எதுக்கும்மா? நான் இங்கன மருந்துதான பூசுதேன்!"

மறுபடி ஓங்கிய கையை அம்மா இறக்கிவிட்டாள்.

"இந்தப் பிள்ளை இனி இங்க வரக்கூடாது. நீ மட்டும் வா" என்றார் முதலாளி.

"சரி முதலாளி. நான் வாரேன், அவ பள்ளிக்கூடம் போவா. அந்தப் படத்தக் குடுங்க. கெட்டுப்போனது ஒங்களுக்கு எதுக்கு?"

ஆர்ட்டிஸ்ட் எடுத்துக் கொடுத்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் கம்பங்கூழ். ஆனாலும் நான் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நான் டீச்சர்.

'பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் வேண்டாமா?' என்று என் பத்தியைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களே... அன்றைக்கு நான் அடங்கியிருந்தால், நீங்கள் அடுப்புப் பற்றவைக்கிற பெட்டிக்கு இன்னமும் மருந்து பூசிக்கொண்டிருப்பேன். சம்மதமா?

சிநேகிதர் கிளம்பும்போதும் விடவில்லை. "அந்தக் கறை மட்டும் இல்லேன்னா..."

இருக்கட்டும் ஐயா. அது தீப்பெட்டி மருந்து — குச்சியை உரசினால் இன்னமும் பற்றும்!