நாற்பத்தெட்டு நாள் விரதம்

நினைத்து நினைத்து அலுத்துவிட்டது. என் கணவருக்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு பத்துமலையில் காவடி எடுப்பதாகச் சொல்லி, நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடுதான். அதிலும் பாதியை வைத்துவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த பெண்கள், "விரதக் களை முகத்துலயே தெரியுது" என்றார்கள். நானும் பூரித்துப்போனேன், புத்தி கெட்டவள்.

காவடி இறக்கி ஒரு மாதமாகியும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். வயிற்றை அமுக்கி, படமெடுத்துப் பார்த்த டாக்டர், புற்றுக்கட்டி முற்றிவிட்டது என்றார். எப்போதிருந்து சாப்பாடு குறைந்தது என்று கேட்டார்.

"விரதத்துலேருந்துதான்" என்று நான் முந்திக்கொண்டேன்.

என் கணவர் தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "தீபாவளிக்கே சோறு எறங்கல. சாப்பிடு சாப்பிடுன்னு நீ உசுர வாங்குன. அதான் விரதம்னு சொல்லிட்டேன்."