லேமினேஷன் போட்ட ஆடுகள்

புதுச் சீட்டுக்கட்டின் பெட்டியைப் பிரித்ததும் எழுந்த மை வாசனையோடு எங்கள் விரல்களில் ஒட்டியிருந்த சின்ன வெங்காய வாசனையும் கலந்துகொண்ட அந்த மே மாத மத்தியானத்தில், வீட்டில் நானும் அத்தை மகள் தேன்மொழியும் அம்மாவும் இருந்தோம்; அப்பா இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் அவர் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் பெட்டியைப் பிரித்தோம். எங்கள் வீட்டில் 'சீட்டு' என்றால் காசு வைத்து ஆடுவது என்று மட்டும்தான் அர்த்தம். அப்படி ஆடி ஆடியே சித்தப்பா ஒரு பைக்கையும் சித்தியின் தோட்டையும் தொலைத்திருந்தார்.

இது வேறு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகத்தின் படம், கீழே அது என்ன செய்யும் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. மிருகத்தைக் களத்தில் இறக்குவதற்கு முன்னால் 'தீனி' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த, வெறும் புல்லும் தண்ணீரும் வரைந்த சீட்டுகளை மேசையில் அடுக்க வேண்டும். சின்ன மிருகத்துக்கு ஒரு தீனி போதும், பெரிய மிருகம் ஆறு ஏழு கேட்கும். அறுபது சீட்டைக் கம்பெனிக்காரனே தேர்ந்தெடுத்துப் பெட்டியில் போட்டு விற்றால் அது 'ரெடி கட்டு'. வாங்கின அன்றைக்கே ஆடலாம் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது, அது உண்மைதான், ஆனால் ஜெயிக்கலாம் என்று எங்கேயும் போடவில்லை. துணிக்கடையில் மாதிரிக்கு ஒவ்வொன்று எடுத்து விரித்துக் காட்டுவதுபோல அதில் புலி ஒன்று, கரடி ஒன்று, கழுகு ஒன்று, ஆடு ஒன்று என்று எல்லாம் ஒவ்வொன்றாக இருந்தன. எதுவும் எதற்கும் துணை வரவில்லை.

பெரம்பலூரில் குமார் அண்ணன் வைத்திருந்த பேன்சி ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அதில் ஒரு நீள மேசை, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் ஒரு ஃபேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ஆட்டம் நடக்கும். மாதக் கடைசியில் யார் எல்லாருக்கும் கீழே நிற்கிறானோ அவன் எழுந்துகொள்ள வேண்டும், வாசலில் காத்திருப்பவன் வந்து உட்காருவான் என்பது குமார் அண்ணன் போட்ட சட்டம். ஒரு பையன் கோச்சிங் சேர மெட்ராஸ் போனதால் காலியான நாற்காலி அந்த மே மாதம் எனக்குக் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் அப்பாவோடு டவுனுக்குப் போகிற இடத்தில் எல்லாம், எழுதிக் கொடுக்கவும் படித்துச் சொல்லவும் நானும் கூட நின்றிருக்கிறேன். ஆபீஸில், ஆஸ்பத்திரியில், உரக்கடையில் நாங்கள் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தவர்கள். இங்கே மட்டும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு "உக்காரு அன்பு" என்றார்கள். அந்த நாற்காலியை விட எனக்கு மனசில்லை.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் தோற்றேன். முதல் வாரம் தோற்ற கோபத்தில், வெங்காயத் தாள் அறுத்துச் சேர்த்த கூலியைக் கொண்டுபோய், ஓரமெல்லாம் தங்கக் கலரில் மினுங்கும் யானைச் சீட்டு ஒன்றை வாங்கி வந்தேன். யானை சீக்கிரம் கைக்கு வரட்டும் என்று தீனியில் சிலவற்றைத் தூக்கி வெளியே போட்டேன். யானை என் கைக்கு வந்தது, வந்து கையிலேயே இருந்தது; ஏழு தீனி சேர்வதற்குள் எதிரில் இருந்தவன் என்னை முடித்துவிட்டான். பக்கத்து நாற்காலிக்காரன் ஹரிஷ், போர்வெல் போடும் வண்டி வைத்திருப்பவரின் மகன், சிங்கமாகச் சேர்த்து வைத்திருந்தான். அவன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நான் கையை நீட்டினால், "வெங்காயக் கையோட தொடாதடா, தொடாம பாரு" என்பான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது முழங்கால் தானாக ஆடிக்கொண்டே வரும். சாப்பிடும்போதும் எந்தச் சீட்டை எடுப்பது, எதைப் போடுவது என்று கை பரபரவென்று இருக்கும்.

தேனு எனக்கு ஒரு வயசு மூத்தவள்; திருமானூரிலிருந்து லீவுக்கு வந்து என்னோடு மூட்டைக் கணக்கில் வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தாள். யானையைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்ல நாலு கோழிக்கே தீனி வைக்க வழியில்ல, யானை வாங்கியிருக்கான் பாரு தொரை" என்று சிரித்தாள். அப்புறம் அவளுக்கே அந்த வேலை பிடித்துக்கொண்டது. வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, கட்டைக் கலைத்து, ஏழு சீட்டு எடுத்து, ஆள் இல்லாமலே நான்கைந்து சுற்று ஆடிப் பார்ப்பாள். அதற்குள் களத்தில் இறங்காமல் கையிலேயே தங்கிவிட்ட சீட்டின் மூலையில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி. மறுபடி கலைப்பாள். சாயங்காலத்துக்குள் யானை, புலி, கழுகு மூன்றுக்கும் அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. "சும்மா குந்திக்கிட்டிருக்கற ஆளை எல்லாம் வெளிய அனுப்பு," என்றாள். ஒரு புள்ளிகூட வாங்காத சீட்டு ஆடுதான்.

அந்த ஆட்டுச் சீட்டின் கீழே இருந்த பொடி எழுத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் படித்தேன். பக்கத்தில் இன்னோர் ஆடு இருந்தால் இரண்டுக்கும் பலம் கூடும் என்றும், ஒரு கட்டில் எத்தனை ஆடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. குமார் அண்ணன் கடையில், பணக்காரப் பையன்கள் பாக்கெட் பிரித்து வேண்டாம் என்று தள்ளிய சீட்டையெல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் கொட்டி ஒன்று இரண்டு ரூபாய் என்று போட்டிருந்தார். அதில் ஆடாகக் கிடந்தது. நானும் தேனுவும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். ஆடுகள், கூடவே ஆட்டைக் காக்கும் நாய்கள். "சந்தைக்கு வந்த மாதிரி பல்லைப் புடிச்சுப் பாத்து வாங்குறீங்களேம்மா" என்று குமார் அண்ணன் கிண்டல் செய்தார். தூக்கி எறிந்த தீனியைத் திரும்பச் சேர்த்தோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆடிப் பார்த்தபோது கட்டு ஓடியது. சீட்டு வந்ததும் இறங்கியது, கையில் ஒன்றும் தேங்கவில்லை. தேனு ஆடுகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு பழைய சோப்பு டப்பாவில் பத்திரமாக வைத்தாள்.

அந்த வாரமே அப்பா பார்த்துவிட்டார். சாக்கின் மேல் சீட்டு விரிந்து கிடக்க, சுண்ணாம்புத் தூசி படிந்த தலையோடு வாசலில் நின்றார். நான் எழுந்துவிட்டேன், ஓடுவதற்குத்தான்.

"காசு வச்சு ஆடறதா?"

"இல்லப்பா."

"அம்மா மேல சத்தியமா?"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க," என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "பூரா இங்கிலீசு எழுதியிருக்கு, படிக்கிற புள்ளைங்க ஆடறதுங்க."

அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். படி என்றார். படித்தேன், தமிழிலும் சொன்னேன். "ஆடு ரெண்டு சேந்தா பலமா," என்று கேட்டுக்கொண்டார், வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இவ்வளவுதானா என்று எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை.

நான் ஆறாவது சேர்ந்த வருஷம் ஓடு ஒழுகி என் கம்யூனிட்டி சர்டிபிகேட் நனைந்து மை ஊறிப் போனது. மறுபடி ஒன்று வாங்க, வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு அப்பா நடந்த நடை கொஞ்சமில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் மதிப்பான காகிதம் எது நுழைந்தாலும் மறுநாளே அதற்கு லேமினேஷன் போட்டுவிடுவார். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கரண்டு பில்லில்கூட ஒன்று அப்படி இருந்தது. கடைசி ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சோப்பு டப்பாவை என் கையில் கொடுத்து, "தெறந்து பாரு" என்றார். ஆடுகள் எல்லாம் கண்ணாடிபோலப் பளபளத்தன, மூலை எல்லாம் வட்டமாக வெட்டி.

"இனிமே மழைக்கும் ஒண்ணும் ஆவாது, எண்ணெய்க்கும் ஒண்ணும் ஆவாது. நல்லாருக்காம்மா தேனு?"

"சூப்பரா இருக்கு மாமா," என்றாள் தேனு.

அவர் டீ குடிக்கப் போன பிறகு என் பக்கம் திரும்பி, "போச்சுடா" என்றாள்.

கட்டில் எல்லாச் சீட்டும் பின்பக்கம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் முதல் சட்டம். இப்போது என் கட்டில் ஆடு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடலாம். மேலே அடுத்து வருவது ஆடா இல்லையா என்று எனக்கும் தெரியும், எதிரில் இருப்பவனுக்கும் தெரியும். உட்கார்ந்ததுமே செல்லாது என்பார்கள். ஆடு இல்லாமல் ஆடினால் அது கட்டே இல்லை. மறுநாள் என் எதிரில் ஹரிஷ்; ஜெயித்தால் நாற்காலி எனக்கு, தோற்றால் வாசலில் நிற்கும் பையனுக்கு. புதிதாக ஆடு வாங்கலாம் என்றால் அட்டைப் பெட்டியில் இருந்த ஆட்டையெல்லாம் நாங்களே அள்ளி முடித்திருந்தோம். அப்பாவிடம் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும் யோசனை எனக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

"மிச்சத்துக்கும் போட்டுரு," என்றாள் தேனு.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரே ஒரு ஜெராக்ஸ் கடைதான் திறந்திருந்தது. மிச்சச் சீட்டை வாங்கிப் புரட்டிய கடைக்கார அண்ணன், "ஆதாருக்குப் போட்டிருக்கேன், பட்டாவுக்குப் போட்டிருக்கேன், புல்லுக்கட்டுக்கு இன்னிக்குத்தாம்பா போடறேன்" என்றார். ஒரு பெரிய தாளுக்கு ஒன்பது சீட்டாக அடுக்கி மெஷினில் விட்டார். ஆடு ஒன்றை அளவுக்குக் கொடுத்து, இதே மாதிரி மூலையை வட்டமாக வெட்டுங்கள் என்று தேனு பக்கத்திலேயே நின்றாள். கொஞ்சம் கோணினால்கூட "அண்ணே, இன்னும் ஒரு மயிரிழை" என்பாள். நான் கடைக்கு உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டிருந்தேன். காசு பற்றவில்லை. திரும்பி வருவதற்கு வைத்திருந்த பஸ் சார்ஜையும் சேர்த்துக் கொடுத்தோம்.

அறுபதும் சேர்ந்து குமார் அண்ணன் மேசையில் செங்கல் மாதிரி நின்றது.

"அண்ணே, இது செல்லாதுண்ணே! ரேஷன் கார்டு கட்டுண்ணே இது!" என்று ஹரிஷ் கத்தினான். மற்ற நாற்காலிகள் சிரித்தன. குமார் அண்ணன் கட்டை வாங்கிப் பின்பக்கம் பார்த்தார், ஓரத்தைத் தடவினார், கண்ணை மூடி ஒன்றை உருவி, "இது ஆடா?" என்று என்னையே கேட்டார். தெரியவில்லை என்றேன். திருப்பினார், தண்ணீர். "எல்லாம் ஒண்ணு போலத்தாண்டா இருக்கு. ஆடுங்க."

ஆட்டம் தொடங்கும் முன்னால் எதிராளி கட்டை ஒருமுறை வெட்டி வைக்க வேண்டும். ஹரிஷ் பாதியைத் தூக்கினான். அது வழுக்கி, மீன் கொட்டியதுபோல மேசையெல்லாம் தரையெல்லாம் சிதறியது. என்னோடு அவனும் குனிந்து பொறுக்கினான். "என்னடா எழவு, வழுக்குது" என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுடைய சிங்கங்கள் தீனிக்குக் காத்திருந்தபோது, என் பக்கம் ஆட்டுக்குப் பக்கத்தில் ஆடு, அதற்குப் பக்கத்தில் ஆடு என்று பட்டி நிறைந்துகொண்டே வந்தது. ஃபேன் காற்றில் அவன் சீட்டு பறக்காமல் இருக்க அவன் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தான். என்னுடையது வைத்த இடத்தில் கிடந்தது. முதல் சிங்கம் இறங்கியபோது அதற்குக் கடிக்க நேரம் இல்லை. ஜெயித்தேன். தேனு வாசலில் நின்று, யாருக்கும் கேட்காமல் கையை மட்டும் தட்டினாள்.

பஸ்ஸுக்குக் காசில்லாமல் அரியலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. அப்பா வேலை செய்யும் லாரி. ஏறி உட்கார்ந்ததும், "என்னாச்சு?" என்றார்.

"ஜெயிச்சுட்டான் மாமா."

அப்பா டிரைவர் பக்கம் திரும்பினார். "பிளாஸ்டிக்கு நாந்தாண்ணே போட்டேன்," என்றார். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

தேனு ஊருக்குப் போனாள். ஜூனில் மேசையில் இருந்த எல்லாரும் ஆளுக்கு மூன்று ஓநாய் வாங்கிச் சொருகிக்கொண்டார்கள். ஆட்டைக் கண்டால் தின்னும் சீட்டு அது. நானும் சிலதை மாற்றியாக வேண்டும். அப்போதுதான் புரிந்தது, அந்தக் கட்டை இனி மாற்றவே முடியாது. லேமினேஷன் போட்ட சீட்டை மாற்றாக வாங்கிக்கொள்ள ஒருவரும் தயாரில்லை, அட்டைப் பெட்டியில் போடக்கூடக் குமார் அண்ணன் வேண்டாம் என்றார். புதிதாக ஒரே ஒரு சீட்டு சேர்ப்பதாக இருந்தாலும் அதற்கும் போட வேண்டும், அதே தடிமனில், அதே மூலையோடு. அந்த வெங்காயக் கூலியும் மே மாதத்தோடு முடிந்திருந்தது. பிளேடால் ஒரு நாயைப் பிரித்துப் பார்த்தேன். படம் பிளாஸ்டிக்கோடு போய்விட, கையில் வெள்ளை அட்டையும் பாதி வாலும் மிஞ்சின. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றைச் சரிசெய்யச் சொல்கிற பொருள் சீட்டுக்கட்டு. என்னுடையது சரிசெய்தது போதும் என்று அடைத்துக்கொண்டுவிட்டது. ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை எழுந்து, நாற்காலியை வாசலில் நின்ற பையன் பக்கம் நகர்த்திவிட்டு வந்தேன். அப்பா கேட்டபோது, ஸ்கூல் திறந்துவிட்டதால் போகவில்லை என்றேன்.

குமார் அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. பின்னறையில் டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள், மேசையும் நாற்காலிகளும் எங்கே போயின என்று கேட்க அங்கே தெரிந்தவர் யாருமில்லை. அந்தச் சீட்டை அச்சடிப்பதையே கம்பெனி நிறுத்திவிட்டது. நான் திருச்சியில் ஓர் ஆபீஸில் வேலை செய்கிறேன். முடித்துக் கொடுத்த வேலையை இன்னொரு தடவை திறந்து, எதை எடுக்கலாம் எதைப் போடலாம் என்று பார்க்காமல் இன்னமும் என்னால் எழுந்திருக்க முடியாது. போன வாரம் அப்பா போன் செய்தார். வீட்டுப் பெட்டியில் சர்டிபிகேட்டுகளோடு அந்த ஆடுகளையும் இத்தனை வருஷம் வைத்திருந்தாராம். புதுப் பீரோ வந்திருக்கிறது, அதில் எந்தத் தட்டில் வைக்கட்டும் என்று கேட்டார்.

ஓசூரில் இருக்கும் தேனுவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அப்படியே போனிலேயே கணக்குப் போட ஆரம்பித்தாள்: ரெடி கட்டு, யானை, அட்டைப் பெட்டிச் சீட்டு, மாமா போட்ட லேமினேஷன், நாம் போட்ட லேமினேஷன், பஸ் சார்ஜ். அந்தக் காசுக்குப் புதுக் கட்டே இரண்டு வாங்கியிருக்கலாமாம். மலிவாகச் சரிசெய்கிறோம் என்று கிளம்பியவர்களுக்கு மொத்தம் ஆனது நானூற்று முப்பத்தைந்து ரூபாய்.