வாயலூர் மணல்

அம்மாவின் சாம்பல் கடலுக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டவள் நான்தான். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாலாறு நந்தி மலையில் புறப்பட்டு, எங்கள் ஆம்பூரைத் தொட்டுக்கொண்டு, வாயலூருக்குப் பக்கத்தில் வங்கக் கடலில் கலந்தது. எங்கும் தடங்கல் இல்லாத நீலக் கோடு. அதன்மேல் நூலை வளைத்து வைத்து அளந்தேன். மனுஷன் நடக்கிற வேகத்தில் ஆறு போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு வாரம் தாராளம் என்று அப்பாவிடம் சொன்னேன். முதல் ரேங்க் வாங்குகிறவள், என் கணக்கு தப்பாது என்று எனக்கு அப்படியொரு திமிர்.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது தெரியாமலில்லை. சாம்பல் கரைக்கப் போன அன்று, ஊரில் எல்லாரும் செய்வதுபோல அப்பா மணலில் பள்ளம் தோண்டினார். ஊறி வந்த கொஞ்சம் தண்ணீரில் தோல் பதனிடுகிற டேனரிகளின் நாற்றம் அடித்தது. அதில் கரைத்து, மணலைத் தள்ளி மூடினோம். ஆறு அடியில் ஓடுகிறது என்று அத்தை சொன்னாள். நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரித்தேன். அம்மா வந்து சேரும்போது நாம் அங்கே இருக்க வேண்டாமா என்று கேட்டேன். டேனரியில் தோல் ஊறப்போடுகிற அப்பாவுக்கு அந்த ஆற்றின் கதை முழுக்கத் தெரியும். ஆனாலும் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டினார். விடியலில் கிளம்பி, பஸ் மாறி மாறி மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஆறு கடலைத் தொடவில்லை. இந்தப் பக்கம் அசையாத தண்ணீர், அந்தப் பக்கம் அலை, நடுவில் அடைத்துக்கொண்டு மணல்மேடு. புத்தகத்தில் அந்த மணல் இல்லை.

"இன்னாப்பா இது, அம்மா எப்டி போவும்?" என்றேன்.

நான் அழுதுகொண்டே கையால் மணலைப் பறித்தேன். அப்பா பேண்ட்டை மடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து தானும் பறித்தார். பறிக்கப் பறிக்கச் சரிந்தது. பாதி தூரம்கூட வரவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "மிச்சத்த மழ பாத்துக்கும், வா" என்று என் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். எனக்கு நிம்மதியாகிவிட்டது.

மூன்று வருஷம் கழித்துப் பாலாற்றில் வெள்ளம் வந்தது. சாம்பலை மூடிய இடத்தின்மேல் செம்மண் தண்ணீர் புரண்டு ஓடியது. அப்பா அன்று வேலைக்குப் போகாமல் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போன என்னிடம், "கடலுக்குப் போய்ச் சேர ஒரு வாரம்னுதான சொன்ன?" என்று கேட்டார்.

எட்டாம் வகுப்புக்காரிக்கு வெட்கமாக இருந்தது. அதெல்லாம் சின்ன வயசில் போட்ட கணக்கு என்று சிரித்தேன். அவரும் சிரித்தார், கைப்பிடியை விட்டுவிட்டுச் சாப்பிட வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏதோ வேலை என்று தனியாகக் கிளம்பிப் போய், இருட்டிய பிறகு வந்தார். மறுநாள் துவைக்க எடுத்தபோது பேண்ட் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. கூடவே ஒரு கிளிஞ்சலும் விழுந்தது. எங்கே போயிருந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நன்றாக உதறிவிட்டுத் தண்ணீரில் நனைத்தேன்.