பல் பட்ட ஜப்பான் காசு

சேலத்துப் பழங்காசுக் கடைக்காரர் என் காசைக் கண்ணாடிப் பலகையில் போட்டார். ‘டொக்’ என்றது. அந்தச் சத்தம் என்னை மல்லசமுத்திரத்தில் கொண்டுபோய் விட்டது.

சின்ன மாமாவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம். சண்டை முழுக்க ஜாவாவில் ஜப்பான்காரனிடம் மாட்டிக்கிடந்ததாக மாமா சொன்னார். வாழப்பாடியில் ஒளிந்திருந்ததாக ஊர் சொன்னது. சாட்சிக்கு அவரிடம் இருந்தது, ஜாவாவில் செலவழிக்க ஜப்பான்காரன் பொம்மை அச்சிட்டு விட்டதாக அவர் சொன்ன இந்தக் காசு மட்டும்தான். பெண்ணின் அப்பா வரவழைத்திருந்த ஆசாரி அதைக் கல்லில் சுண்டினார். ‘டொக்.’

“பாத்திரத்துக்குப் பூசற ஈயமுங்க இது. கள்ளக்காசு!”

மாமா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அதற்குள் காப்பி கொண்டுவந்த பெண் தட்டை வைத்துவிட்டுக் காசை எடுத்து நறுக்கென்று கடித்தாள். பல் பதிந்தது.

“ஏனுங்கப்பா, இத்தன மோசமா அடிச்சா கள்ளக்காசு எங்கீங்க செல்லும்? செம்பையெல்லாம் குண்டுக்குப் போட்ட சர்க்காருதான் இப்படி அடிச்சிருக்கும். நெசக்காசுதானுங்க.”

அடுத்த தையில் அவள் எனக்கு அத்தையானாள்.

கடைக்காரர் லென்ஸை இறக்கினார். “அசல்தானுங்க. ஜப்பான்காரன் ஈயத்துலதான் அடிச்சான். ஆனா எவனோ கடிச்சு வெலையக் கெடுத்துட்டானுங்களே!”

“எவனுமில்லீங்க, எங்க அத்தை” என்று காசைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். “அவங்க கடிக்கலீன்னா எங்க மாமா சண்டை முழுக்க வாழப்பாடியிலதானுங்க இருந்திருப்பாரு.”