ரிடிக்யூல் என்ற சொல்லோடு நான் பட்ட பாடு

கோர்ட்டில் மொழிபெயர்ப்பது என்றால், அடுத்தவர் வசவை நாம் மரியாதையாகத் திருப்பிச் சொல்வது. பாளையங்கோட்டையில் எனக்கு அந்த வேலை தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. மாஜிஸ்திரேட் துரை மனது வைத்தால்தான் நிலைக்கும். துரைக்கோ ஓர் இங்கிலீஷ் வார்த்தையின்மேல் தனிப் பிரியம். எந்த அடிதடி வந்தாலும், "அவன் உன்னை ரிடிக்யூல் செய்தானா?" என்று கேட்காமல் விடமாட்டார். இப்படி ஒரு மேலதிகாரியிடம் மாட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நடை

உவரியிலிருந்து மீன் விற்க வந்த ஓர் அம்மாள், கடைக்காரர் ஒருவர் தன்னைக் கேலி செய்ததாகப் பிராது கொடுத்திருந்தாள். "பரிகாசம் செய்தாரா?" என்று இலக்கணமாகக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூண்டைவிட்டு இறங்கி, தலையில் கூடை இருப்பதுபோல் கையைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, கடைக்காரர் நடந்து காட்டியபடியே நடந்தாள். கோர்ட்டே சிரித்தது. "இவளைப்போல நடந்து காட்டினாராம்" என்று துரையிடம் ஒரு வரியில் முடித்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பேசுனதையெல்லாம் திருப்பிச் சொன்னீரே, நடையை மட்டும் ஏன் முழுங்குதீரு? நீரும் நடந்து காட்டும் ஐயா!"

ஒரு கூடைச் சொல்

அன்று துரை என்னைக் கூப்பிட்டு, ரிடிக்யூலுக்குத் தமிழ் என்ன என்றார். கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, எகத்தாளம் என்று அடுக்கினேன். எது வலிக்கும் என்பது சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது என்றும் சொல்லிவைத்தேன். துரைக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு தடவை இந்தச் சொல்லில் குழப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. தலைமைக் குமாஸ்தா அண்ணாச்சிதான் வழி சொன்னார்.

"துரை கேட்டது ஒரு வார்த்தை, நீரு குடுத்தது ஒரு கூடை. கொறைச்சுக் குடும்வே."

அத்தான்

அடுத்து வந்த வழக்கு ஆழ்வார்திருநகரிக் கல்யாணம். பெண்ணைப் பெற்ற சுடலைமுத்து, பந்தியில் வைத்துத் தன் மனைவியின் தம்பியைச் செம்பால் அடித்துவிட்டார். தம்பி மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து உத்தியோகம் பார்ப்பவர். தலையில் கட்டோடு நின்றார். துரை சுடலைமுத்துவிடம் தம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் 'கேலி' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

"இல்ல எசமான். ஒரு சொல்லு கேலி பண்ணல. அதான் அடிச்சேன்" என்றார் சுடலைமுத்து.

சொன்னபடியே மொழிபெயர்த்தேன். துரை பேனாவைக் கீழே வைத்து என்னை முறைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மறுபடி கேட்கச் சொன்னார். சுடலைமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஊரே கூடியிருக்கு. என்னைப் பாத்து 'சௌக்கியமா'ன்னு கேக்கான் எசமான்! மச்சினன் கேக்குத கேள்வியா இது? என்னை அன்னியனாக்கிட்டான்."

துரை என்னை நம்பாமல், தம்பியிடமே நேராக இங்கிலீஷில் விசாரித்தார். படித்தவன் கேலி பேசுவது அழகல்ல என்று இருந்துவிட்டேன், அத்தானுக்கு இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது என்று அவரும் இங்கிலீஷிலேயே ஒப்புக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. பிறகு தம்பி தலைக்கட்டைத் தடவிக்கொண்டு சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினார். கோர்ட்டில் அன்று கடைசியாக நான் மொழிபெயர்த்தது இதைத்தான்:

"அடிக்கதுக்குக்கூட ஒங்ககிட்ட ஒரு செம்பு கெடையாதா அத்தான்? நாங்க போட்ட சீர்ச் செம்பாலல்லா அடிச்சீய!"

சுடலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், துரை வழக்கைத் தள்ளி என் வேலையை நிலைக்கவைத்தார், அடி வாங்கினவருக்குத்தான் நான் இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லை.