விலைக்கு வாங்கிய மென்பொருளும் சிவப்பு எச்சரிக்கையும்

கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் ஸ்டூடியோவைச் சுனாமி கொண்டுபோன பிறகு, கல்முனைப் பிரதான வீதியில் ஒரு வீட்டின் முன்னறைகளை வாடகைக்கு எடுத்து மறுபடி தொடங்கினோம். முன்பு படம் எடுப்பது, கழுவுவது, பிரேம் போடுவது எல்லாமே என் கணவரின் வேலை. நான் கடைக்குப் போவதே குறைவு. புதிய கடைக்கு டிஜிட்டல் கமெரா வந்தது, கணினி வந்தது, கணினிக்கு ஆளும் தேவைப்பட்டது. கடலால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று நடத்திய கணினி வகுப்பில் சேர்ந்து படித்து, நானே அந்த ஆளானேன்.

அதற்குப் பிறகு எங்கள் கடையைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் புதுப்பெண்களின் தாய்மார்கள். கல்யாண வீடுகளில் பெண்ணின் அறைக்குள் நான்தான் கமெராவுடன் போவேன். முக்காடில்லாமல், தலை நிறையப் பூவும் நகையுமாகத் தோழிகளோடு அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள் அவை. நானே திருத்தி, நானே அச்சிட்டு, உறையை ஒட்டிப் பெண்ணின் உம்மாவின் கையில் கொடுப்பேன். என் கணவர்கூட அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை.

"படம் வெளிய போகாதுதானே, மகள்?" என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள்.

"போகாது உம்மா" என்பேன். அந்தச் சொல்லை நம்பித்தான் கடை நடந்தது.

அந்தக் காலத்தில் பென் டிரைவ்களில் வைரஸ் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. யாரோ பாஸ்போர்ட் படம் அடிக்கக் கொண்டுவந்த ஒன்று எங்கள் கணினியின் கோப்புகளையெல்லாம் மறைத்துவிட்டது. அவற்றை மீட்டெடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பின் நல்ல அன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டோம். அது சோதித்து முடிக்காமல் எதையும் திறப்பதில்லை என்பது என் சட்டம். கணவருக்கும் அதுதான் சட்டம்.

போர் முடிந்து கொஞ்ச நாளில், காரைதீவிலிருந்து வயல் செய்யும் வயதான கமக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சேட்டும் சாரமும். சேட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய பென் டிரைவ் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மகள், இதுக்குள்ள என்ட பிள்ளைட படம் இருந்தது. இப்ப ஒண்டும் இல்லையாம்."

அவருடைய மூத்த மகள் கலியாணம் முடித்து வன்னியில் இருந்தவள். சுனாமி அடித்தபோது போர்நிறுத்தம், வன்னிப் பாதை திறந்திருந்தது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் புருசனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். கனடாவிலிருந்து வந்திருந்த கமக்காரரின் தம்பி அப்போது எல்லோரையும் படம் எடுத்து, இந்த டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அச்சடித்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மகள் வன்னிக்குத் திரும்பிப் போனாள். பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. வீட்டில் யாரோ அந்த டிரைவை எடுத்து, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றியிருந்தார்கள்.

"வவுனியாவில முகாம் முகாமா வன்னிச் சனம் இருக்காம். அங்க போய் ஆருட்டயும் காட்டிக் கேக்கிறதுக்கு என்னட்ட ஒரு படம் இல்ல, மகள்."

இனி இதில் யாரும் எதையும் ஏற்றக் கூடாது என்று சொல்லி டிரைவை வாங்கி வைத்தேன். முயற்சி செய்கிறேன் என்றேன். வரும் என்று சொல்லவில்லை.

எனக்குக் கணினி படிப்பித்த டீச்சர் கல்முனையிலேயே இருந்தார். மெதடிஸ்த தேவாலயத்துப் பக்கம் வீடு. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றின் பழைய மாதிரிப் பதிப்பு அவரிடம் சீடியில் இருந்தது. வகுப்புக் கணினியில் அதை ஓடவிட்டோம். அழிந்த படங்களைத் தேடிச் சின்னச் சின்னதாகக் காட்டியது. சேமிக்க விடவில்லை, அதற்கு விலைக்கு வாங்க வேண்டும். அந்தச் சின்னப் படங்களில் ஒன்றில், இடிந்த மதிலுக்கு முன்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"இருக்கு" என்றார் டீச்சர். "வாங்குங்க."

எங்களிடம் கடனட்டை இல்லை. கட்டாரில் வேலை செய்த என் தம்பியிடம் சொன்னேன். அவன் புதிய பதிப்பை வாங்கி, அதைத் திறக்கும் உரிம இலக்கத்தையும் நிறுவுவதற்கான கோப்பையும் மின்னஞ்சலில் அனுப்பினான். கடையில் அந்தக் கோப்பைத் திறந்ததுதான் தாமதம், திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி எழுந்தது. இது அட்வெயார், விளம்பரங்களைக் கொண்டுவந்து திணிக்கும், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை வெளியே அனுப்பவும் கூடும் என்று எச்சரித்துவிட்டு, அன்டிவைரஸ் கோப்பைப் பூட்டிப் போட்டது.

தம்பிக்கு அழைப்பு எடுத்தேன்.

"ராத்தா, நான் காசு கட்டி எடுத்த சாமான். களவாப் பதிஞ்ச சீடியா, வைரஸ் வாறதுக்கு? உங்கட அன்டிவைரஸ்தான் பிழையாச் சொல்லுது. அத நிப்பாட்டிப்போட்டு ஏத்துங்க."

கணவரும் அதையே சொன்னார். "கொஞ்ச நேரத்துக்குத்தானே. அந்த மனிசன் பாவம்."

"கொஞ்ச நேரத்துக்குள்ள என்னென்ன வெளிய போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அன்டிவைரஸை நிறுத்தும் பொத்தான்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன். அதே கணினியில் அத்தனை புதுப்பெண்களும் இருந்தார்கள். அந்தக் கமக்காரருக்காக மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் கை போகவில்லை. கணினியை அணைத்துவிட்டு டீச்சரிடம் போனேன்.

அவர் சிரிக்கவில்லை, பயப்படுத்தவும் இல்லை. "விலைக்கு வாங்கினதெண்டு நம்பிடவும் ஏலாது, இது கத்துதெண்டு எறிஞ்சிடவும் ஏலாது. எதைக் கண்டு கத்துது எண்டு முதல்ல பார்ப்பம்" என்றார்.

வகுப்புக் கணினியிலும் அதே அன்டிவைரஸ்தான்; கோப்பை மின்னஞ்சலிலிருந்து அதில் இறக்கி, எழுந்த எச்சரிக்கையின் விவரத்தைத் திறந்து பார்த்தோம். மீட்கும் மென்பொருளை அது குறை சொல்லவில்லை. கோப்புக்குள் கூடவே கட்டப்பட்டிருந்த வேறொரு சின்னக் கோப்பைத்தான் சொன்னது. ஒரே கோப்பைப் பல அன்டிவைரஸ்களிடம் காட்டிக் கேட்கும் இணையத்தளம் ஒன்றில் டீச்சர் அதை ஏற்றினார். இணைப்பு மெதுவாக இருந்ததால், அது ஏறி முடிவதற்குள் அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பல அன்டிவைரஸ்கள் பேசாமலிருந்தன. கத்தியவை எல்லாம் ஒரே பெயரைச் சொல்லிக் கத்தின. அடுத்து, கோப்பில் கையொப்பம் வைத்திருந்த நிறுவனம் எது என்று பார்த்தோம். மென்பொருளைச் செய்தவர்களின் பெயர் அங்கே இல்லை.

"தம்பி இத எங்கயிருந்து இறக்கினவர்?"

அங்கிருந்தே கேட்டேன். அவன் காசு கட்டியது செய்தவர்களின் தளத்தில்தான். ஆனால் அங்கே இறக்குவதற்கு நேரம் எடுத்ததாம். பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வந்த வேறொரு தளத்தின் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கிறான்.

"ரெண்டும் ஒண்டுதானே, ராத்தா?" என்றான்.

ஒன்றல்ல. இலக்கம் நல்லது, பொதி கெட்டது. இடையில் நின்ற தளம் தன்னுடைய விளம்பரச் சாமானையும் உள்ளே வைத்துக் கட்டியிருந்தது. சிவப்புப் பெட்டி சொன்னது உண்மைதான்.

செய்தவர்களின் தளத்திலிருந்தே மறுபடி இறக்கினோம். இந்தக் கோப்பு சின்னதாக இருந்தது, கையொப்பமும் அவர்களுடையது. இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். அன்டிவைரஸ் மறுபடியும் கத்தியது. இந்த முறை பெட்டி மஞ்சள். விரும்பத்தகாததாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் பொறுமையாக வாசித்தார். மென்பொருள் திறக்கும்போது அதே நிறுவனத்தின் மற்றப் பொருட்களை விளம்பரப்படுத்தும் ஒரு ஜன்னல் வருமாம். அதைக் கண்டுதான் கத்துகிறது போலத் தெரிந்தது. மற்ற அன்டிவைரஸ்கள் எதுவும் வாய் திறக்கவில்லை.

"இது பிழையான எச்சரிக்கை எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றார். "ஆனா நினைக்கிறன் எண்டுதான் சொல்லுவன். சத்தியம் பண்ண மாட்டன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அன்டிவைரஸ் நிறுவனத்துக்குக் கோப்பை அனுப்பி, மறுபடி சோதிக்கும்படி எழுதினோம். எப்போது பதில் வரும் என்று தெரியாது. கமக்காரர் வவுனியா போக ஆயத்தமாக இருந்தார். வகுப்பில் யாரும் தொடாத பழைய கணினி ஒன்று மூலையில் கிடந்தது, அதற்குள் யாருடைய படமும் இல்லை. அதை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். இணைய வயர் இல்லாமல் மென்பொருளை அதில் நிறுவி, இலக்கத்தைக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. என்னதான் ஒளிந்திருந்தாலும் எடுத்துப் போக எதுவுமில்லை, போக வழியும் இல்லை.

கமக்காரரை வரச் சொல்லியிருந்தோம். மீண்டு வந்த படங்களில் பல கெட்டுப்போயிருந்தன. பாட்டு ஏறிய இடமெல்லாம் சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது. மதிலுக்கு முன்னால் எடுத்த படத்தில் மகளும் குழந்தையும் தெளிவாக வந்தார்கள். பக்கத்தில் நின்ற மருமகனுக்குத் தோள் மட்டும்தான் இருந்தது, மற்றதெல்லாம் சாம்பல்.

அவர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓம். இதுதான் என்ட பிள்ளை" என்றார். கணவர் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்.

வவுனியாவிலிருந்து திரும்பி வந்தபோது ஆள் மெலிந்திருந்தார். முகாம் வேலிக்கு வெளியே நின்று அந்தப் படத்தைப் போறவாற ஆட்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். குழந்தையைத் தெரியாவிட்டாலும் தாயை அடையாளம் கண்ட ஒரு பெண், எந்தப் பக்கத்துக் கூடாரம் என்று சொல்லியிருக்கிறாள். மகளும் பேத்தியும் இருந்தார்கள். பேத்தி நன்றாக வளர்ந்துவிட்டாளாம். மருமகனைக் கடைசி நாட்களில் தவறவிட்டிருந்தார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

"அவள் ஒண்டுதான் கேட்டவள், மகள். அவர்ட முகம் எங்கயாவது வருமோ எண்டு."

பழைய கணினியை மறுபடி போட்டுத் தேடினேன். கெட்டுப்போன படங்களுக்கிடையில், யாரோ சமையலறையை எடுத்த படமொன்றின் ஓரத்தில் ஒரு ஆண் பக்கவாட்டாகக் குனிந்து நின்றார். அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினேன். கலங்கலாகத்தான் வந்தது. அச்சிட்டுக் கொடுத்தேன்.

அன்டிவைரஸ் நிறுவனத்தின் பதிலும் ஒருநாள் வந்தது. கோப்பைச் சோதித்தார்களாம், எச்சரிக்கை தவறானது, நீக்கிவிட்டோம் என்று சுருக்கமாக எழுதியிருந்தார்கள். டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இனிக் கடைக் கணினியில போடலாம்" என்றார்.

"போடலாம்" என்றேன். போடவில்லை. பழைய கணினியை டீச்சர் எனக்கே தந்துவிட்டார். படம் அழிந்துபோயிற்று என்று வருகிறவர்களுக்கு இப்போதும் அதில்தான் தேடிப் பார்க்கிறேன்.

முகாமிலிருந்து விட்ட பிறகு அந்த மகள் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டும் என்றாள். பிள்ளையின் தலையை நேராக வைக்கச் சொல்லி எடுத்தேன். காத்திருந்தபோது அவள் கைப்பையிலிருந்து அந்தக் கலங்கலான படத்தை வெளியே எடுத்தாள்.

"இது அவர்தான், அக்கா" என்றாள். "காது இப்பிடித்தான் நீட்டிக்கொண்டு இருக்கும்."

பிள்ளை எட்டிப் பார்த்தது. பாஸ்போர்ட் படங்களை வெட்டி, உறையில் போட்டுக் கொடுத்தேன்.